பச்சை மிளகாய் வாங்குவதும் சமைப்பதும்: அடுப்படிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளியூர் வந்து, முதன்முறையாகத் தனியே சமைக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமையல் குறிப்புகள் எல்லாம் "பச்சை மிளகாய் 4" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகின்றன. எந்த மிளகாய், கீறிப் போடுவதா அரிந்து போடுவதா, எப்போது போடுவது என்று ஒரு சொல் இருக்காது. அந்த வரியை நம்பிச் சமைத்தால் இன்று உப்புமா சப்பென்று இருக்கும், நாளை அதே அளவில் செய்தது வாயில் வைக்க முடியாமல் உறைக்கும். தனியாகச் சமைக்கத் தொடங்கிய காலத்தில் நான் இதில் பட்ட பாடு அதிகம். சந்தையில் காய் விற்கும் அம்மாக்களிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், செய்து பார்த்து உறுதியானதையும் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிளகாயை எண்ணிப் போடுவதால் காரம் கட்டுக்குள் வராது. என்ன வகை, உள்ளே எவ்வளவு வெள்ளை நரம்பு இருக்கிறது, கத்தி எப்படிப் பட்டது, சட்டியில் எப்போது விழுந்தது என்பவைதான் காரத்தை முடிவு செய்கின்றன.

1. எந்தச் சமையலுக்கு எந்த மிளகாய்

தமிழ்நாட்டுக் காய்கறிக் கடையில் "பச்சை மிளகாய்" என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் விரல் நீளத்தில் ஒல்லியாக இருக்கும் காய்தான். அதிலேயே இரண்டு விதம் உண்டு. வெளிர் பச்சையில், கொஞ்சம் தடித்து, நீளமாக இருப்பது உறைப்புக் குறைந்தது. கரும்பச்சையில், ஒல்லியாக, குட்டையாக இருப்பது நன்றாக உறைக்கும். இது எப்போதும் பொய்க்காத விதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. சாம்பார், உப்புமா, பொங்கல் என்று அன்றாடச் சமையலுக்கு முதல் வகை போதும். சட்னிக்கும் துவையலுக்கும் இரண்டாவது வகையைக் குறைவாக வாங்குங்கள்.

பஜ்ஜி மிளகாய் என்று தனியாக விற்பார்கள். ஒரு சாண் நீளம், வெளிர் பச்சை, தடித்த சதை. இதை நெடுக்காகக் கீறி, உள்நரம்பையும் விதையையும் வழித்து எடுத்துவிட்டு, உப்பும் ஓமமும் சேர்த்துப் பிசைந்த புளிக்கரைசலை உள்ளே தடவிக் கடலை மாவில் தோய்த்துப் பொரித்தால், காரமே வேண்டாம் என்பவர்களும் சாப்பிடுவார்கள். குழம்புக்கு இது உதவாது. குடைமிளகாயில் காரமே கிடையாது. அதை மிளகாய்க் கணக்கில் சேர்க்காமல் ஒரு காய்கறியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் பக்கமும் கேரளத்திலும் காந்தாரி மிளகாய் கிடைக்கும். சீனி மிளகாய், ஊசி மிளகாய் என்றும் ஊருக்கு ஊர் சொல்வார்கள். சுண்டுவிரல் நுனி அளவே இருக்கும், செடியில் வானத்தைப் பார்த்து நிற்கும். அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாதாரண மிளகாய் நான்கு போடும் இடத்தில் இதில் ஒன்றை நசுக்கிப் போட்டு ருசி பாருங்கள். வேகவைத்த மரவள்ளிக்கிழங்குக்குக் காந்தாரியையும் சின்ன வெங்காயத்தையும் உப்போடு நசுக்கித் தேங்காய் எண்ணெய் விட்டுத் தொட்டுக்கொள்வது அந்தப் பக்கத்துப் பழக்கம். அந்த மணம் வேறு எந்த மிளகாயிலும் வராது.

மோர் மிளகாய்க்கு என்று குட்டையாகவும் தடிப்பாகவும் ஒரு காய் வெயில் காலத்தில் சந்தைக்கு வரும். அதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

2. எங்கே வாங்குவது, எவ்வளவு வாங்குவது

100 கிராமில் ஏறக்குறைய 25 முதல் 35 மிளகாய் வரை இருக்கும். இரண்டு பேர் சமைத்துச் சாப்பிடும் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு அது தாராளம். தனியாள் என்றால் 50 கிராம் போதும். கிலோ விலை மலிவாக இருக்கிறதே என்று அரைக் கிலோ வாங்கினால் பாதி அழுகிக் குப்பைக்குப் போகும்.

விலை நிலையாக நிற்காத காய் இது. வரத்து நன்றாக இருக்கும் நாளில் சில்லறையில் கிலோ 40, 50 ரூபாய்க்கும் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செடி அழுகி வரத்துக் குறைந்தால் 100 ரூபாயைத் தாண்டிவிடும். கடும் வெயிலிலும் பூ உதிர்ந்து காய்ப்புக் குறைவதால் விலை ஏறுவதுண்டு. ஆனாலும் நீங்கள் வாங்கப்போவது 100 கிராம்தான். விலை இரண்டு மடங்கானாலும் உங்களுக்குக் கூடும் செலவு ஐந்தாறு ரூபாய். ஆகவே இதில் மலிவைத் தேடி அலையாமல் புதுக்காயைத் தேடி அலையுங்கள்.

புதுக்காய் கிடைக்க நல்ல இடம் உழவர் சந்தை. 1999இல் மதுரையில் தொடங்கி இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கிறது. விவசாயி அடையாள அட்டை வைத்திருப்பவர்கள்தான் அங்கே கடை போட முடியும். வாங்குகிறவருக்கு எந்த அட்டையும் தேவையில்லை, பை ஒன்று கொண்டு போனால் போதும். அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் அதைப் படியுங்கள், பேரம் பேசும் வேலை மிச்சம். விடியற்காலையில் போனால் முந்தின மாலையோ அன்று காலையோ பறித்த காய் கிடைக்கும். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் போனால் பொறுக்கிவிட்டுப் போன மிச்சம்தான்.

சென்னையில் கோயம்பேடு பெரிய சந்தைதான். ஆனால் 100 கிராம் மிளகாய்க்காக அங்கே போவதில் பயன் இல்லை. அது மூட்டைக் கணக்கில் நடக்கும் இடம். பக்கத்து அறை நண்பர்களோடு சேர்ந்து வாரக் காய்கறி மொத்தமும் வாங்குவதாக இருந்தால் மட்டும் போகலாம்.

தெருமுனைக் கடையில் நான்கைந்து காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை, கொத்துமல்லியோடு ஒரு கைப்பிடி மிளகாயும் கொசுறாகத் தருவது இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அன்றே பிரித்துப் பாருங்கள். கொசுறு மிளகாயில் பழசும் கலந்திருக்கும். கெட்ட காய் ஒன்று இருந்தாலும் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

பல்பொருள் அங்காடியில் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி விற்கும் மிளகாயை நான் வாங்குவதில்லை. உறைக்குள் வியர்த்துப்போய் இருக்கும், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வேறு வழி இல்லை என்றால் உறையின் உட்புறத்தில் நீர்த்துளி இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.

3. கையில் எடுத்துப் பார்க்கும்போது

காம்பைப் பாருங்கள். காயின் வயது காம்பில்தான் தெரியும். பச்சையாக, விறைப்பாக இருந்தால் புதிது. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் பறித்துப் பல நாள் ஆகிவிட்டது. காம்பின் அடியில், தொப்பி போல் மூடியிருக்கும் இடத்தை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

தோல் இறுக்கமாக, மினுமினுப்பாக இருக்க வேண்டும். வளைத்தால் விறைத்து நின்று, மேலும் வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். ரப்பரைப் போல வளைந்துகொடுத்தால் நீர் வற்றிய காய். சின்ன ஓட்டை இருந்தால் உள்ளே புழு இருக்கும். வட்டமான கருந்திட்டு இருந்தால் நோய் தாக்கியது. ஒரு பக்கம் சிவக்கத் தொடங்கியிருந்தால் அது பழுக்கிறது என்று பொருள், கெட்டுவிட்டது என்று நினைத்து ஒதுக்க வேண்டாம். குழம்புக்குத் தாராளமாகப் போடலாம். தேங்காய்ச் சட்னியில் மட்டும் நிறம் மாறும்.

தண்ணீர் தெளித்த குவியலில் வாங்குவதாக இருந்தால் அடியில் இருந்து எடுக்காமல் பக்கவாட்டில் இருந்து எடுங்கள். தெளித்த நீர் அடியில் தேங்கி அழுகல் அங்கிருந்துதான் கிளம்பும்.

4. வீட்டுக்கு வந்த பத்து நிமிடத்துக்குள்

கழுவி வைக்காதீர்கள். இது பலரும் செய்வது, மிளகாய் அழுகுவதற்கு முதல் காரணமும் இதுதான். சமைக்கும் நேரத்தில் கழுவினால் போதும்.

காயைச் செய்தித்தாளில் பரப்பி, கெட்டது, நசுங்கியது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். மற்றவற்றில் காம்பை மட்டும் கிள்ளி எடுத்துவிடுங்கள். காயைக் கிழிக்காமல் கிள்ள வேண்டும். ஈரம் தங்குவது காம்பில், பூஞ்சை பிடிப்பதும் அங்கேதான். பிறகு மூடி உள்ள டப்பாவின் அடியில் ஒரு தாளையோ உலர்ந்த பருத்தித் துணியையோ விரித்து, மிளகாயைப் போட்டு, மேலேயும் ஒரு தாள் வைத்து மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் காய்கறி வைக்கும் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டிக்கு அடுத்த மேல்தட்டில் வைத்தால் குளிர் தாங்காமல் காயில் பள்ளம் விழும். நான்கு நாளுக்கு ஒருமுறை திறந்து, ஈரமான தாளை மாற்றி, மெத்தென்று ஆனதை எடுத்துவிட்டால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். நல்ல காயாக இருந்தால் மூன்று வாரமும் தாங்கும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறையில் இருக்கிறீர்களா? காற்றோட்டமான இடத்தில் முறத்திலோ தாளிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வையுங்கள். நான்கைந்து நாள் இருக்கும். அதற்கு மேல் வாடினாலும் குழம்புக்கு ஆகும்.

ஊருக்குப் போய்வர இரண்டு வாரம் ஆகும் என்றால் கழுவி நன்றாகத் துடைத்து, முழுதாக உறைபெட்டியில் போட்டுவிடுங்கள். மொறுமொறுப்புப் போய்விடும், காரம் போகாது. அரைக்கவும் குழம்பில் போடவும் நன்றாகவே இருக்கும். உறைந்த நிலையிலேயே நறுக்கலாம்.

5. கையும் கண்ணும் பத்திரம்

மிளகாயில் காரம் இருக்கும் இடம் விதை என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில்தான் கேப்சைசின் என்னும் காரப்பொருள் உண்டாகிறது. விதை அதை ஒட்டிக்கொண்டிருப்பதால் அதிலும் காரம் படிகிறது. காரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் விதையை உதறினால் போதாது, அந்த நரம்பைக் கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டும்.

கேப்சைசின் தண்ணீரில் கரைவது மிகவும் அரிது, எண்ணெயில் நன்றாகக் கரையும். கை காந்தும்போது குழாயைத் திறந்து நீட்டிக்கொண்டே நிற்பதில் பலன் இல்லாமல் போவது இதனால்தான். முதலில் சமையல் எண்ணெயைக் கையில் நன்றாகத் தேய்த்து, அதன் மேல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நிறைய நறுக்குவதாக இருந்தால் தொடங்கும் முன்பே விரல்களில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அல்லது கத்தரிக்கோலால் நேராகப் பாத்திரத்துக்குள் வெட்டிவிடுங்கள். நகத்தால் கிள்ளிப் போடும் பழக்கம் வேண்டாம். நகக்கண்ணில் ஏறிய காந்தல் இரவு வரை விடாது.

வாயில் எரிந்தால் தண்ணீருக்குப் பதில் பால், தயிர், மோர். கண்ணில் பட்டால் மட்டும் கணக்கு வேறு. எண்ணெய், பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். சோப்பால் கையைக் கழுவிவிட்டு, நல்ல தண்ணீரால் கண்ணைச் சில நிமிடங்கள் தொடர்ந்து கழுவுங்கள். எரிச்சல் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் மிளகாய் நறுக்கிய கையோடு அதைத் தொடவே கூடாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மிளகாய் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

மிக்சியில் பச்சை மிளகாய் அரைத்தவுடன் மூடியைத் திறந்து முகத்தை அருகில் கொண்டு போகாதீர்கள். அரை நிமிடம் விட்டுத் திறந்தால் கமறல் அடங்கியிருக்கும். மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள். அதில் தங்கிய காரம் அடுத்து அடிக்கும் பழச்சாற்றில் ஏறும்.

6. வெட்டும் விதமும் போடும் நேரமும்

கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஒரே மிளகாயை வைத்து மென்மையாகவும் சமைக்கலாம், கண்ணில் நீர் வரவும் சமைக்கலாம்.

முழு மிளகாயை நுனியில் மட்டும் லேசாகக் கீறிப் போட்டால் மணம் இறங்கும், காரம் கொஞ்சமே இறங்கும். நெடுக்காக இரண்டாகக் கீறினால் நரம்பு வெளிப்பட்டுக் காரம் நிதானமாகக் குழம்பில் கலக்கும். வேண்டாதவர்கள் எடுத்து ஒதுக்கவும் முடியும். வட்டமாக அரிந்தால் ஒவ்வொரு கவளத்திலும் தென்படும். பொடியாக நறுக்கினால் எல்லா இடத்திலும் பரவும். அரைத்துவிட்டால் ஒதுக்கவே முடியாது, முழுக் காரமும் வந்துவிடும். குறிப்பில் "4 மிளகாய்" என்று இருந்து வெட்டும் விதம் சொல்லப்படாவிட்டால், கீறிப் போடுங்கள். அதுதான் திரும்பி வர வழியுள்ள முறை.

கீறாத மிளகாயைச் சூடான எண்ணெயில் போடவே கூடாது. உள்ளே அடைபட்ட ஆவி வெடித்து எண்ணெயை முகத்தில் தெறிக்க வைக்கும். தாளிப்பில் போடும் மிளகாயில் ஒரு கீறலாவது இருக்க வேண்டும், ஈரமும் இருக்கக் கூடாது.

வாங்கி வந்த காய் எப்படி உறைக்கும் என்று சமைக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். நுனியைக் கடித்துப் பார்ப்பதில் பயன் இல்லை, அங்கே நரம்பு குறைவு. காம்புப் பக்கத்தில் மெல்லிய வட்டம் ஒன்று அரிந்து நாக்கு நுனியில் தொட்டுப் பாருங்கள். ஒரே குவியலில் எடுத்த காய்களே ஒன்றுக்கொன்று மாறுபடும் என்பதால் இரண்டு காயிலாவது பாருங்கள். நீர் குறைவாகப் பாய்ந்து வெயிலில் வாடிய செடியின் காய் கூடுதலாக உறைக்கும். சித்திரை, வைகாசியில் அளவைக் கொஞ்சம் குறைத்தே தொடங்குங்கள்.

நடுத்தரக் காரமுள்ள காய்க்கு நான் பின்பற்றும் அளவு இது. ஒரு கோப்பை ரவை உப்புமாவுக்கு இரண்டு, கீறியது, வெங்காயத்தோடு வதக்க வேண்டும். அரை மூடித் தேங்காய்ச் சட்னிக்கு மூன்று. ஒரு கோப்பை அரிசியில் செய்யும் தயிர் சாதத்துக்கு ஒன்று, மிகப் பொடியாக நறுக்கி இஞ்சியோடு கடைசியில் சேர்ப்பது. நான்கு பேருக்கான அவியலுக்கு நான்கு, தேங்காய் சீரகத்தோடு அரைத்தது. அரை லிட்டர் தயிரில் செய்யும் மோர்க் குழம்புக்கும் அதே நான்கு. அவியலிலும் மோர்க் குழம்பிலும் பச்சை மிளகாய்க்குப் பதில் மிளகாய்த் தூள் போட்டால் நிறமும் மணமும் இரண்டும் கெடும், தயவுசெய்து வேண்டாம்.

தேங்காய்ச் சட்னிக்கு மிளகாயைப் பச்சையாக அரைப்பதா, வதக்கி அரைப்பதா என்று வீட்டுக்கு வீடு வழக்கு உண்டு. என் முடிவு: உடனே சாப்பிடுவதென்றால் பச்சையாக அரையுங்கள், மணம் தூக்கலாக இருக்கும். மதியம் வரை வைத்திருக்க வேண்டும் என்றாலோ, வயிறு ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தாலோ, ஒரு சொட்டு எண்ணெயில் தோல் வெளுக்கும் வரை வதக்கி ஆறவிட்டு அரையுங்கள்.

நிறைய நேரம் கொதிக்க வைத்தால் காரம் போய்விடும் என்று எண்ண வேண்டாம். போவது பச்சை வாசனைதான். காரம் மிளகாயை விட்டு வெளியேறிக் குழம்பு முழுவதும் பரவும். திருநெல்வேலிச் சொதியில் பச்சை மிளகாயின் மணமே அடிநாதம். அதில் கீறிய மிளகாயைக் காய்களோடு வேகவிட்டு, இஞ்சிச் சாறும் முதல் தேங்காய்ப்பாலும் சேர்த்ததும் கொதிக்க விடாமல் இறக்கிவிடுகிறார்கள். உங்களுக்கு மணம் வேண்டும், காரம் வேண்டாம் என்றால் அதே வழி: கீறிய மிளகாயைப் போட்டு, ஐந்து நிமிடத்தில் கரண்டியால் எடுத்துவிடுங்கள்.

காரம் கூடிவிட்டதா? கண்ணில் படும் மிளகாய்த் துண்டுகளை முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு தேங்காய்ப்பாலோ தயிரோ எது அந்தப் பதார்த்தத்துக்குப் பொருந்துமோ அதைச் சேருங்கள். குழம்பென்றால் வெந்த பருப்போ காயோ கூட்டி அளவைப் பெருக்குங்கள். வெறும் தண்ணீரை ஊற்றினால் குழம்பு நீர்த்துப்போவதுதான் மிச்சம். எலுமிச்சை பிழிவது ருசியைத் தூக்கிவிடும், காரத்தை எடுக்காது.

7. மிளகாய் மிஞ்சினால்: புளி மிளகாய்

வார இறுதியில் 100 கிராம் மிளகாய் வாடத் தொடங்கினால் இதைச் செய்துவிடுங்கள். மொத்தம் அரை மணி நேரம். உறைப்புக் குறைந்த, வெளிர் பச்சைக் காயாக இருந்தால் நல்லது.

எலுமிச்சை அளவு புளியை ஒரு கோப்பை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். மிளகாயைக் கழுவித் துடைத்துக் கீறுங்கள். நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மிளகாயைப் போட்டு மிதமான தீயில் தோலில் வெண்கொப்புளம் வரும் வரை வதக்குங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பச்சை நெடி கடைசி வரை நிற்கும். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்தூள், உப்பு, புளிக்கரைசல் சேர்த்து எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை, சுமார் 15 நிமிடம், கொதிக்கட்டும். ஒரு சிட்டிகை வெந்தயப் பொடியும் சிறு துண்டு வெல்லமும் போட்டு இறக்குங்கள். ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். தயிர் சாதத்துக்கும் தோசைக்கும் இதைவிட எளிய துணை எனக்குத் தெரியாது.

8. வெளிநாட்டில் இருப்பவர்களும் போகிறவர்களும்

நம் ஊர் மிளகாய் கிடைக்காத நாட்டில் பெயர்ப்பலகையைப் பார்த்து வாங்க வேண்டியிருக்கும். காரத்தை ஸ்கோவில் என்ற அளவில் குறிப்பார்கள். ஹலப்பெனோ 2,500 முதல் 8,000 வரை, சற்று மந்தமான காய். செரானோ 10,000 முதல் 23,000 வரை, அன்றாடக் குழம்புக்கும் சட்னிக்கும் நான் பரிந்துரைப்பது இதுதான். தாய்லாந்துக் குட்டி மிளகாய் 50,000 முதல் 1,00,000 வரை, நம் காந்தாரியைப் போலக் கையாளுங்கள். சிங்கப்பூர், மலேசியாவில் சிலி பாடி என்று விற்பதும் அந்த இனம்தான். ஹபனேரோ 1,00,000 முதல் 3,50,000 வரை. தெரியாமல் நான்கு கீறிப் போட்டுவிட்டால் அந்தக் குழம்பை மீட்க வழி இல்லை.

ஊரிலிருந்து பெட்டியில் எடுத்துப் போகலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பச்சை மிளகாய் கொண்டு போக, பயணப் பெட்டியில் கொஞ்சமே இருந்தாலும், தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், துரியன், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. பால் பொருள்களுக்கும் அங்கே தடை இருப்பதால் தயிரில் ஊறிய மோர் மிளகாயும் சிக்கலாகலாம். அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறவர்கள் எந்த உணவுப் பொருளையும் மறைக்காமல் இறங்கும்போது அதிகாரிகளிடம் அறிவித்துவிட வேண்டும். அறிவித்தால் அதிகபட்சம் பொருள் போகும், மறைத்தால் அபராதம் வரும். டிக்கெட் எடுத்த நாளிலேயே அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் விதியைப் பார்த்துவிடுங்கள்.

9. மோர் மிளகாய்: பத்து நாள் வேலை

மாசிக் கடைசி தொடங்கிச் சித்திரை வரை செய்யலாம். தொடர்ந்து எட்டு, பத்து நாள் நல்ல வெயில் அடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இறங்குங்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் மொட்டைமாடியைப் பயன்படுத்த அனுமதி வாங்குவதும் முன்கூட்டியே முடிய வேண்டிய வேலை. பாதியில் மாடிக் கதவு பூட்டப்பட்டால் மிளகாய் பூசணம் பிடித்துவிடும்.

ஒரு கிலோ குட்டை மிளகாய், ஒரு லிட்டர் நன்றாகப் புளித்த கெட்டித் தயிர், 125 கிராம் கல்லுப்பு, விருப்பம் இருந்தால் ஒரு தேக்கரண்டி வறுத்துப் பொடித்த வெந்தயம். எல்லாம் சேர்த்து 150 ரூபாயிலிருந்து 200 ரூபாய்க்குள் முடியும். காய்ந்த பிறகு கால் கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும். கடை விலையோடு ஒப்பிட்டால் பெரிய மிச்சம் கிடையாது. உப்பும் புளிப்பும் உங்கள் நாக்குக்கு ஏற்ற அளவில் இருக்கும் என்பதற்காகவே இதைச் செய்ய வேண்டும். கடையில் வாங்குவது பெரும்பாலும் உப்பில் மூழ்கியிருக்கிறது.

முதல் நாள் மாலை மிளகாயைக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போகத் துடையுங்கள். இங்கே காம்பை முழுதாக எடுக்கக் கூடாது. அரை அங்குலம் விட்டு மீதியை நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் காம்புத் துளை வழியே விதை எல்லாம் கொட்டிவிடும். காயின் நடுவில் ஒரு சிறு கீறல், இரண்டு முனையையும் தொடாமல். சிலர் ஊசியால் குத்துவார்கள். கீறினால் சீக்கிரம் ஊறும், குத்தினால் பொரிக்கும்போது உருவம் குலையாமல் இருக்கும். முதல்முறை செய்கிறவர்கள் கீறுங்கள்.

தயிரைத் தண்ணீர் விடாமல் கடைந்து, உப்பைக் கரைத்து, ஜாடியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ மிளகாயோடு கலந்து மூடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, புளிப்பும் உப்பும் அதை அரிக்கும். இரண்டு இரவு, ஒரு முழுப் பகல் ஊறட்டும். நடுவில் இரண்டு மூன்று முறை குலுக்கிவிடுங்கள். பச்சை நிறம் மங்கினால் ஊறிவிட்டது.

மூன்றாம் நாள் காலை மிளகாயை மட்டும் வடித்தெடுத்துப் பிளாஸ்டிக் விரிப்பிலோ அகலத் தட்டிலோ பரப்பி வெயிலில் வையுங்கள். தயிர்ப் பாத்திரத்தையும் மெல்லிய துணியால் வாய் கட்டி வெயிலில் வைக்கலாம். மாலை நான்கு, ஐந்து மணிக்குள், பனி இறங்கும் முன், மிளகாயை அதே தயிரில் திரும்பப் போட்டுவிடுங்கள். மறுநாள் காலை மறுபடி வடித்து வெயில். தயிர் முழுவதும் மிளகாயில் ஏறித் தீரும் வரை, மூன்று நான்கு நாளுக்கு, இதே வேலை. அதன் பிறகு வெறும் காய்ச்சல்தான், இன்னும் மூன்று நான்கு நாள். இரவில் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

நடுவில் மேகம் போட்டால் பதற வேண்டாம். தயிர் இன்னும் இருக்கும் கட்டம் என்றால் மிளகாயைத் தயிரிலேயே விட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள், இரண்டு நாள் ஒன்றும் ஆகாது. தயிர் தீர்ந்து பாதி காய்ந்த கட்டம் என்றால் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே பரப்புங்கள். பச்சை, கறுப்பு என்று பஞ்சு போல ஏதாவது படர்ந்தால் அந்தக் காய்களைத் தூக்கி எறியுங்கள். துடைத்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

காய்ந்ததா என்று பார்க்க ஒன்றை ஒடியுங்கள். சடக்கென்று ஒடிந்து, உள்ளே விதை கலகலவென்று உதிர வேண்டும். நிறம் வைக்கோல் வெளுப்பில் இருக்கும். வெயில் சூடு முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் போட்டு மூடுங்கள், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். உலர்ந்த கையால் எடுத்தால் ஓராண்டு இருக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து வெயிலில் காட்டிவிடுங்கள்.

பொரிக்கும்போது எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். ஒரு தடவைக்கு நான்கைந்துக்கு மேல் போட வேண்டாம். சில நொடிகளிலேயே பழுப்பாகிவிடும். நன்றாகக் கறுத்தால்தான் மொறுமொறுப்பு என்பார்கள் சிலர், எனக்கு அடர்பழுப்பில் எடுப்பதுதான் சரி, கறுத்தால் கசக்கும். எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் அதன் சூட்டிலேயே நிறம் ஏறும் என்பதால், வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்பே எடுத்துவிடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது, உப்பு அதிகம். பொரித்த எண்ணெயில் காரமும் உப்பும் இறங்கியிருக்கும். அதை வேறு பலகாரத்துக்கு எடுக்காமல், அன்றைய மோர்க் குழம்பில் தாளித்துவிடுங்கள்.